ஆலாத் தீவுக்குப் போன வெள்ளிக்கிழமை

பஹ்ரைனில் நம் பள்ளியில் ஜூலை மாதம் ஊருக்குப் போகாத பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். உங்களுக்கு நினைவிருக்கும். விடுமுறை விட்ட கையோடு ஈசா டவுனே காலியாகிவிடும். டிக்கெட் உள்ளவர்கள் அட்டைப்பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டு விமானம் ஏறிப் போவார்கள். செப்டம்பரில் கையில் மருதாணியும் வாயில் புதுப்படக் கதையுமாகத் திரும்பி வருவார்கள். மிச்சமிருக்கும் நாம் ஏ.சி.க்கு அடியில் வைத்த வாளி நிறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு கிடப்போம். கதவைத் திறந்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து உலகமே மறைந்துபோகும். அப்படிப் போன கோடைகளில் ஒன்றைத்தான் சொல்கிறேன். நான் அப்போது நான்காம் வகுப்பு.

என் அப்பா மீன்பிடிப் படகு ஓட்டுகிறவர். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அம்மா ஊரில் தலையில் கூடை வைத்து மீன் விற்றவர். இரண்டு பேருமே பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவர்கள். அப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் முதலில் படித்தவள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் உயரும். உயரட்டும்.

மீன்பிடிக்க வந்தவர்கள் குடும்பத்தைக் கூட்டி வருவது வழக்கமில்லை. அப்பாவின் கஃபீல், படகின் சொந்தக்காரரான அந்த அரபிக் கிழவர், என்ன நினைத்தாரோ எங்களுக்கு விசா எடுத்துக் கொடுத்திருந்தார். ஒரு லாண்டரிக் கடைக்கு மேலே எங்கள் ஒற்றை அறை. யாரோ ஒருவருடைய சட்டைகளின் இஸ்திரி வாசனை பகல் முழுவதும் தரை வழியாக ஏறி வரும். அப்பாவுக்கு வேலை போனால் அந்த அறை போகும், அறை போனால் என் பள்ளிக்கூடம் போகும். இதை நம்மில் யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவுக்கு முதலில் சந்தேகம் வந்தது சட்டையின் மேல்தான்.

வெள்ளிக்கிழமை படகுக்கு லீவு. எதிர் வீட்டு மலையாள ஆன்ட்டியின் கணவர் லுங்கியோடு படுத்துக்கிடப்பார். தெருவில் எல்லா வீட்டிலும் ஆண்கள் இருப்பார்கள். எங்கள் அப்பா மட்டும் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். கேட்டால், "இஞ்சின் சர்வீஸ்." மத்தியானம் தாண்டித் திரும்பி வருவார். சட்டையில் கிரீஸ் இருக்காது, டீசல் இருக்காது. தோளிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கும். அம்மா அதை நகத்தால் சுரண்டி மூக்குக்குக் கொண்டுபோவார். மீன் விற்ற மூக்கு, எதையும் தவறவிடாது. "சுண்ணாம்பு மாதிரி இருக்கு, சுண்ணாம்பும் இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். பிறகு அந்தச் சட்டையை வாளியில் போடாமல், ஒரு பக்கமாக வைத்துவிட்டு, மறுபடி எடுத்து மோந்து பார்ப்பார். சந்தேகப்படும் பெண்கள் அழுவார்கள் என்று சினிமாவில் பார்த்திருந்தேன். அம்மா அழவில்லை. வெங்காயம் அரிகிற வேகம் மட்டும் கூடியது.

மலையாள ஆன்ட்டி வேறு எண்ணெய் ஊற்றினார். "ஃப்ரைடே எல்லா ஆணுங்களும் வீட்ல உண்டு. உங்க ஆளு மட்டும் எவிட போறது? நான் ஒண்ணும் பறயல, கேட்டா."

"இஞ்சின் பாக்கப் போறாரு."

"எல்லா ஃப்ரைடேயும் இஞ்சின் கெடுமோ?"

அம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார். "உங்கப்பாவுக்கு ஒரு போன் போடு. நான் சொன்னேன்னு சொல்லாத. வரும்போது பால்பாக்கெட் வாங்கிட்டு வரச் சொல்லு."

போட்டேன். ஒரு பெண் குரல் வந்தது. அம்மாவின் கண் விரிந்தது. "யாருடி அவ?"

அது கம்பெனிக்காரப் பெண்ணின் பதிவு செய்த குரல். அரபியில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னது. நான் பெருமையோடு மொழிபெயர்த்தேன். "நீங்க கூப்பிட்ட ஆளு டவர் இல்லாத எடத்துல இருக்காங்கன்னு சொல்றா."

"ஹார்பர்ல டவர் இல்லையா?"

"ஹார்பர்ல ஃபுல்லா இருக்கும்மா."

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் துடைத்து, டிவி மேல் வைத்தார். நான் படித்த ஆங்கிலம் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் உபயோகப்பட்டது அப்படித்தான்.

அந்த வெள்ளிக்கிழமையே சித்தப்பா சாப்பிட வந்தார். சித்தப்பா என்றால் அப்பாவோடு அதே படகில் போகிறவர். எங்கள் ஊர்க்காரர், அப்பாவுக்குத் தம்பி முறை. படகில் இவர்கள் இரண்டே பேர். பிடித்ததில் கஃபீலுக்குப் பாதி. மீதி இருவருக்கும் சரிபங்கு. தொழிலாளர் கேம்ப்பில் பருப்பும் ரொட்டியும் தின்று அலுத்தவர், லீவு நாளில் அம்மாவின் கையால் சாப்பிட வருவார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"அண்ணன் எங்க அண்ணி?"

"இஞ்சின் பாக்க."

"இஞ்சினா? நேத்துதான ரெண்டு பேருமா ஆயில் மாத்துனோம்?"

அம்மா சோற்றுக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். சித்தப்பாவும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் சந்தேகம் வந்தது. ஆனால் இரண்டும் வேறு வேறு சந்தேகம். அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அம்மா ஒரு பெண்ணை நினைத்தார். சித்தப்பா நினைத்தது மீன் பிடிக்கும் கூண்டை.

"ஒண்ணுமே மாட்ட மாட்டேங்குது அண்ணி" என்றார் சித்தப்பா, சோற்றைப் பிசைந்தபடி. "தூக்குற கூண்டெல்லாம் காலி. வச்ச ரொட்டித் துண்டு மட்டும் இருக்காது. மீனு வந்து தின்னுட்டு, கதவத் தொறந்துகிட்டுப் போயிருச்சா?"

பஹ்ரைனில் இவர்கள் மீன்பிடிப்பது கம்பிக் கூண்டில். கூடையைக் கவிழ்த்த மாதிரி பெரிய கூண்டு. உள்ளே இரை வைத்துக் கடலடியில் இறக்கிவிடுவார்கள். மேலே மிதவை கட்டினால் அடுத்த படகுக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று மிதவையும் கட்டமாட்டார்கள். எங்கே இறக்கினோம் என்பது படகில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"பெங்காலிங்க எவனாவது நம்ம பின்னாலயே வந்து பாத்திருப்பானுங்க" என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "பாகிஸ்தானியாக்கூட இருக்கும்" என்றார். சாப்பிட்டு முடிப்பதற்குள் மலையாளிகளும் வந்துவிட்டார்கள். இங்கே ஏதாவது காணாமல் போனால் நாம் அப்படித்தானே தேடுவோம், நாடு நாடாக. நம் அறைக்குள் மட்டும் தேடமாட்டோம்.

தீவுப் பேச்சைத் தொடங்கியவர் கஃபீல். பழுத்தும் பழுக்காத பேரீச்சை வரும் சமயம் அது. ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் பழுப்பு. ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து லாண்டரி வாசலில் பிக்கப்பை நிறுத்தி ஹாரன் அடித்தார். நான் அப்பாவோடு இறங்கிப் போனேன். நான் ஆங்கிலத்தில் தேங்க் யூ சொன்னதில் கிழவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கைகளைச் சிறகு மாதிரி அடித்துக் காட்டி, தீவில் பறவைகள் குஞ்சு பொரித்திருக்கின்றன, இந்தக் குழந்தைக்குக் காட்டு என்றார். நம் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கலவை மொழியில்தான். "ஃப்ரைடே தும் ஜாவ். பச்சா லே ஜாவ். மதாம் பீ லே ஜாவ். பேர்ட் பஹுத் ஹை."

"அர்பாப், இஞ்சின்..." என்றார் அப்பா.

"இஞ்சின் ஜதீத்!" புது இஞ்சின் என்று கிழவர் கத்தினார். போன வருஷம்தான் அவர் வாங்கிக் கொடுத்தது.

"வெயில் ஜாஸ்தி அர்பாப்."

"சுபே சுபே ஜாவ்." விடியற்காலையிலேயே போ என்றார்.

"கோஸ்ட் கார்ட்..."

"மை டெலிபோன் கரேகா. மாஃபி முஷ்கில். கலாஸ்." நான் போன் பண்ணிச் சொல்கிறேன், பிரச்சினை இல்லை, முடிந்தது என்று பிக்கப்பைக் கிளப்பிவிட்டார்.

ஜன்னலிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு புரியாது. ஆனால் அப்பா மூன்று தடவை தலையாட்டி மறுத்ததைப் பார்த்திருந்தார். மேலே வந்ததும் என்னிடம்தான் கேட்டார். நான் சொன்னேன். தீவு என்றதும் அம்மா பேரீச்சைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அம்மா அவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நாங்க வரோம்."

அப்பா சிரிக்கப் பார்த்தார். "நல்லாருக்கே. பொம்பள படகுல கால் வைக்கலாமா? ஊர்ல கேட்டா காறித் துப்புவான்."

எங்கள் ஊரில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. மீனை விற்கலாம், காய வைக்கலாம், வலைக்கு நூல் எடுத்துக் கொடுக்கலாம். படகில் மட்டும் கால் வைக்கக் கூடாது. அதுவும் மாதத்தின் அந்த மூன்று நாட்களில் படகு நிற்கும் பக்கமே போகக் கூடாது. கால் பட்டால் மீன் மாட்டாது. அம்மா இத்தனை வயதுவரை அந்த வழக்கத்தை மீறியதில்லை.

"அது நம்மூரு மரம்" என்றார் அம்மா. "இது அரபிக்காரன் ஃபைபரு. அவன் பொண்டாட்டி புள்ளயெல்லாம் ஏறல?"

"அவனுக்கு இந்த மொறயெல்லாம் கெடையாது."

"அப்ப வேணாம்னு அவன்கிட்டயே சொல்லியிருக்க வேண்டியதுதான? இஞ்சினு, வெயிலு, போலீசுன்னு ஏன் பொய் சொன்னீங்க?"

அப்பா மின்விசிறியின் ஸ்விட்சை இரண்டு தடவை போட்டு அணைத்தார். அம்மாவின் முகத்தில் ஒரு தீர்மானம் வந்தது. தீவில் ஏதோ இருக்கிறது, அதில் ஒருத்தி இருக்கிறாள். அப்படித்தான் அம்மா நினைத்தார். கல்லும் மணலும் பறவையும் மட்டும் உள்ள தீவு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இந்த ஊரில் கடலைத் தூர்த்து ஒரே வருஷத்தில் வில்லா கட்டிவிடுகிறார்கள்.

சித்தப்பாவும் வந்தார். அவரைக் கூப்பிட்டது யாரென்று எனக்குத் தெரியாது. அம்மாதான் கூப்பிட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹார்பரில் எனக்கு முழங்கால்வரை தொங்கும் ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டினார்கள். அம்மா செருப்பைக் கரையிலேயே கழற்றி வைத்தார். படகின் விளிம்பைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் ஏறினார். சித்தப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடல் ஆடவில்லை, அலையில்லை; சூடு ஆறாத கஞ்சி மாதிரி கிடந்தது. கையை விட்டுப் பார்த்தேன், குளிக்க வைத்த வெந்நீர். அம்மா சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஐஸ்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கடற்கரையில் பிறந்தவர், கடலுக்குள்ளிருந்து கரையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கரை மறைகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

தீவு கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் பட்டது. ஆயிரம் கதவுகளுக்கு எண்ணெய் போடாத மாதிரி ஒரு சத்தம். பிறகு வாடை. அம்மா மூக்கை உயர்த்தினார். அந்த வாடையை அவர் அப்பாவின் சட்டையில் மோந்து பார்த்திருக்கிறார்.

"ஸீ கல்!" என்று கத்தினேன், புத்தகத்தில் படித்த பெருமையில்.

"ஆலா" என்றார் சித்தப்பா. "நம்மூர்லயும் வரும் பாப்பா. இம்மாங்கூட்டமா வராது."

கறுப்புத் தொப்பி, ஆரஞ்சு மூக்கு, பிளந்த வால். தீவு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. நம் பள்ளி மைதானத்தைவிடக் கொஞ்சம் பெரிய மணல் மேடு. உப்புச் செடிகள் கொஞ்சம். மரமில்லை, கூரையில்லை. தென்பக்கம் இறங்கி பிளாஸ்க் டீயும் பன்னும் சாப்பிட்டோம். தள்ளி நின்று பார்த்தால் மணல் நிறத்தில் குஞ்சுகள். அசைந்தால்தான் உயிர் என்று தெரியும். ஒரு தாய்ப் பறவை கடலில் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு குஞ்சின் மேல் குடை மாதிரி நின்றது. வாய் பிளந்து மூச்சு வாங்கியது. உட்காரவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா செடிகளுக்குப் பின்னால், மணல்மேட்டுக்குப் பின்னால், எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஒருத்தியின் செருப்பு, ஒரு வளையல், ஒரு டப்பா. ஒன்றுமில்லை.

அப்போது ஒரு அரபிக் குடும்பத்தின் வெள்ளை ஸ்பீட் போட் தீவை ஒரு சுற்றுச் சுற்றிப் போனது. பறவைகள் கொஞ்சம் எழும்பி, திட்டி, மறுபடி உட்கார்ந்துவிட்டன.

"அந்தப் பக்கமும் பாக்கலாம்ப்பா" என்றேன்.

"அங்க பாறை. படகு போவாது" என்றார் அப்பா.

"இப்ப அந்த போட்டு போச்சே அண்ணே" என்றார் சித்தப்பா.

அவரே போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். படகில் அப்பாதான் ஓட்டுவார். சித்தப்பா அதைத் தொடுவதில்லை. அப்பா தடுக்கவில்லை. வடபக்கம் கப்பல் போகும் வழிக்கு மறைவான பக்கம். வேறு படகுகள் பார்க்க முடியாது. படகு மெதுவாக மூலை திரும்பியது.

பறவைகள் எழுந்தன. பயந்து எழவில்லை. விரித்த பாயைச் சுருட்டுகிற மாதிரி அந்தக் கரையே எழுந்து எங்களை நோக்கி வந்தது. தலைக்கு மேல் சுற்றவில்லை, என்னைக் கொத்தவில்லை, அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் படகின் பின்பக்கம் போயின. அங்கே அப்பா நின்றிருந்தார். அவருக்கு மேலே வரிசையாகச் சிறகடித்து நின்று, தலையைக் கவிழ்த்து, அவருடைய கைகளையே பார்த்தன. ஒன்று விளிம்பில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தது. ஒன்று அவர் தோளில் எச்சமிட்டது, வெள்ளையாக.

"அப்பா! இதுக்கெல்லாம் உங்களத் தெரியுதுப்பா!"

நான் கைதட்டினேன். எவ்வளவு பெரிய விஷயம்! என் வகுப்பில் யாருடைய அப்பாவையாவது ஒரு தீவுக்குத் தெரியுமா?

"போ, போ" என்று அப்பா கையை வீசினார். வீசின கையை நோக்கி அவை இன்னும் தாழ இறங்கின. ஏதோ போடப் போகிறார் என்று.

வலை இழுக்கும் படகுக்குப் பின்னால் ஆலா வருவது எல்லாக் கடலிலும் உண்டு. மீன் இல்லாமல், வலை இல்லாமல், பெண்டு பிள்ளையோடு சும்மா போகிற படகைத் தேடி வராது. வாராவாரம் வந்து, கூண்டு மீனில் விலைபோகாத பொடிமீனை அள்ளி வீசுகிற படகைத்தான் அதற்குத் தெரியும். படகே போகாது என்று அப்பா சொன்ன பக்கம் அது.

அம்மாவைப் பார்த்தேன். சிரித்தார். பறவைகளைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கோடை முழுவதும் அவர் முகத்தில் பார்த்திருக்கவில்லை. அங்கே ஒருத்தியும் இல்லை. இருந்ததெல்லாம் இந்தப் பறவைகள்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்கு முன்பே சித்தப்பா இஞ்சினை அணைத்துவிட்டார். அம்மா அவரைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே போய்விட்டது. சட்டையில் வெள்ளை எப்படி வந்தது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கூண்டுகள் ஏன் காலி என்று சித்தப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

திரும்பி வரும்போது நான் மட்டும் பேசிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அம்மா சமையல் மூலையின் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு அப்பாவிடம் பேசினார். எனக்குக் கேட்கக் கூடாது என்று. துண்டு துண்டாகத்தான் கேட்டது. "கூடப் பொறந்தவன் மாதிரி இருக்கறவன் பங்கையா?" என்றது அம்மாவின் குரல். அப்பா சொன்னதில் என் பெயரும் ஃபீஸ் என்ற வார்த்தையும் வந்தன. பிறகு நெடுநேரம் ஃபேன் மட்டும் ஓடியது.

எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் பஞ்சாயத்தையும் கூடக் கொண்டுபோவார்கள். சண்டையைக் கஃபீலிடமோ போலீஸிடமோ கொண்டு போவதில்லை. ஒரு அறையில் உட்கார்ந்து, ஊர்த் தலைவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் பேசி முடிப்பார்கள். கூட்டாளி பங்கைத் திருடினவனோடு ஊர்க்காரன் எவனும் எந்தக் கடலிலும் சேர்ந்து போகக் கூடாது. அப்படி ஒதுக்கிய செய்தி ஊருக்கும் போகும், கஃபீல் காதுக்கும் எப்படியும் போகும். அப்புறம் விசா இல்லை. அறையும் பள்ளிக்கூடமும் அதற்குப் பின்னாலேயே போய்விடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து தெரு அடங்கிய நேரத்தில், சித்தப்பா கூப்பிட்டு அவருடைய கேம்ப் அறையில் கூடினார்கள். இரும்புக் கட்டில்களில் எங்கள் கடற்கரைக்காரர்கள் நாலைந்து பேர். பஞ்சாயத்தில் பெண்கள் பேசுவதில்லை. அம்மா சாப்பாடு கொண்டு போகிற சாக்கில் போனார். குழம்புத் தூக்கை அவர் பிடித்துக்கொள்ள, தட்டுகளை நான் பிடித்துக்கொண்டேன். கட்டிலின் நடுவில் போன். அதிலிருந்து ஊர்த் தலைவரின் குரலும் அதற்குப் பின்னால் ஒரு டிவி சீரியலின் அழுகையும் வந்துகொண்டிருந்தன.

"அந்த டிவிய அமத்துங்கடா. ம், சொல்லு தம்பி, என்ன பிராது?"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அம்மா தூக்கை ஜன்னல் திட்டில் வைத்தார். டங் என்று சத்தம் கேட்டது.

"நான் சொல்றேன். பிராது என் மேலதான்."

"யாரு, பொம்பளக் கொரலா?"

"கூண்டுல மீன் மாட்டாததுக்கு நாந்தான் காரணம். லீவு விட்ட புதுசுல இவருக்குச் சோறு கொண்டுபோனேன். ஆளக் காணும். படகுல ஏறி வச்சுட்டு வந்தேன். அப்ப நான் வீட்டுக்குத் தூரமா இருந்தேன்."

சொந்தப் புருஷனிடம்கூடச் சத்தம் போட்டுச் சொல்லாத வார்த்தை. ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு எதையோ பார்த்தார்கள். காலண்டரை, சுவிட்சை, தங்கள் கால் விரல்களை. அம்மா படகில் கால் வைத்தது ஒரே ஒரு நாள், போன வாரம். கூண்டுகள் அதற்கு வெகு முன்பே காலியாகிவிட்டன. எனக்குத் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியாதா?

அப்பா தலையைத் தூக்கவே இல்லை.

"தம்பி, அது உண்மையாடா?" என்றது போன்.

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு தட்டுகளோடு நின்ற என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்த்தார் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

தீட்டுக்குப் பரிகாரம் உண்டு. திருட்டுக்குத்தான் இல்லை. படகை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், தேங்காய் உடைக்க வேண்டும், கால் வைத்தவள் அந்தக் கரையில் இருக்கக் கூடாது. தலைவர் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எல்லோரும் அம்மா கொண்டுவந்த குழம்பைச் சாப்பிட்டார்கள். அப்பாவும் சித்தப்பாவும் ஹார்பரில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் படகைக் கழுவியதைக் கஃபீல் வந்து பார்த்து, "பஹுத் நஸீஃப்" என்று பாராட்டினாராம், ரொம்பச் சுத்தம் என்று. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் படகுச் சாவி சித்தப்பாவிடம் இருந்தது. அவர்கள் இருவரும் பிறகு எத்தனையோ வருஷம் சேர்ந்துதான் போனார்கள்.

பள்ளி திறப்பதற்கு முன்பே அம்மா ஊருக்குப் போய்விட்டார். என்னை விட்டுவிட்டுத்தான். "புள்ள இங்கதான் படிக்கும்" என்று அவர் சொன்னதற்கு எதிர்ப் பேச்சு இருக்கவில்லை. பள்ளி விட்டதும் மலையாள ஆன்ட்டி வீட்டில் இருந்தேன். கடலைக்கறியும் கணக்கும் அங்கேதான். பன்னிரண்டாவது வரை அங்கே படித்தேன். பட்டம் வாங்கினேன். இன்று அதே நாட்டில் ஏ.சி. அறையில் என் பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். எங்கள் கடற்கரையில் இது யாரும் செய்யாதது.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பொய்யை யோசித்தது யார்? அம்மாவா? இல்லை, அப்பா கேட்டு அம்மா ஒத்துக்கொண்டாரா? அப்பா தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தது வெட்கத்திலா, முன்பே தெரிந்ததாலா?

போன லீவில் ஊருக்குப் போயிருந்தேன். திரும்புகிற அன்று காலையில் நானும் அம்மாவும் பெட்டியோடு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தோம். ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு படகைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவர் கையைக் காட்டினார். மரியாதையாகத்தான். "யக்கா, கொஞ்சம் நின்னுக்கங்க."

அம்மா நின்றார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். லாரி போகட்டும் என்று ஒதுங்கி நிற்கிறவர் மாதிரி, எந்த வருத்தமும் இல்லாமல். படகைத் தீட்டாக்கியவள் என்ற பேரோடு ஒவ்வொரு காலையும் இப்படித்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நான் போய்ச் சொல்லிரட்டுமா?" என்றேன்.

"என்னன்னு?"

வாயைத் திறந்தேன். இரண்டு மொழியிலும் தேடினேன். எப்படித் தொடங்கினாலும் அப்பாவில் போய் முடிந்தது. அப்பாவுக்குப் பிறகு என் படிப்பில்.

"உங்கப்பன் கெட்ட பேரு வாங்குனா அது உன் மேலயும் ஒட்டும். என் பேரு என்கூடப் போயிரும். பேசாம நில்லு, ஃப்ளைட்டுக்கு நேரமாவுது."

"யாரோட யோசனைன்னு மட்டும் சொல்லும்மா."

அம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "போட்டு அலையத் தாண்டிருச்சா, பாரு."

பார்த்தேன். முன்பக்கம் எழும்பி, விழுந்து, நேரானது.

"தாண்டிருச்சு."

அம்மா திரும்பினார். பெட்டியின் கைப்பிடியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.